இரண்டு பேரிடமும் அடி வாங்கியவன்

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
குளச்சல் டீக்கடை பெஞ்சில்
வேலையில்லாத ஏழெட்டுப் பேர்
செத்துப்போன ஒருத்தனையும்
சர்க்கரை நோய்க்காரன் ஒருத்தனையும்
இன்றைக்கும் மேடை ஏற்றுகிறார்கள்.

கடியபட்டணம் எப்ரேமும்
மார்த்தாண்டம் ரசலையனும்
நேருக்கு நேர் நின்றால்?

"எப்ரேமு ரெண்டாம் ரவுண்டு தாண்ட விடமாட்டான்.
தண்டு வலிச்ச தோளுடே அது."
"ரசலையனுக்க கை நீளம் பாத்திருக்கியாவே?
எப்ரேமு கிட்ட வந்தாத்தானே இடிப்பான்."

எப்ரேமுக்கு ஆறு கிலோ கூட்டிக் கொடுக்கிறார்கள்.
ரசலையனின் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள்.
கையுறைக்குள் பஞ்சா குதிரைமயிரா என்று
அரைமணி நேரம் போகிறது.
எப்ரேமை அடக்கம் பண்ணிய அன்று
ரசலையன் ஆறாம் வகுப்பில் இருந்தான்.
அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
இரண்டு பேரிடமும் அடி வாங்கி
இன்னும் டீ குடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.
"சொல்லும் ததேயண்ணே,
யாருக்க இடி இடி?"

எப்ரேம் அடித்தது எழுபத்துநாலில்,
கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மறுநாள்,
தும்புக்கயிறு கட்டிய மேடையில்.
எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு முப்பத்தெட்டு.
ஒரு கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது.
நான் அந்தக் கண் பக்கமாகவே சுற்றினேன்.
வெட்கம்தான், சுற்றினேன்.
அவன் இடது கை வந்ததை நான் பார்க்கவில்லை.
சாளைக்கூடையை யாரோ
சிமெண்டுத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம்.
என் வலது காது கேட்ட கடைசிச் சத்தம் அது.

ரசலையன் எண்பத்தொன்பதில்.
எனக்கு முப்பத்துநாலு, மூன்று பிள்ளைகள்,
பங்கெடுத்தால் நூற்றைம்பது ரூபாய் என்றார்கள்.
அவன் ஓங்கி அடிக்கவேயில்லை.
ரப்பர் வெட்டுகிறவனின் மகன்.
பட்டையைச் சீவுவதுபோல
ஆழம் போகாமல், அதே இடத்தில்,
நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்துச் சீவினான்.
மூன்றாம் சுற்றில் நானாகவே உட்கார்ந்தேன்.
வாய் கொப்பளித்தபோது
இரண்டு பல் வாளியில் கிடந்தது.

எது கனம்?

ஏலக்கூடத்தில் எடை போடுகிறவன் நான்.
நெய்மீனும் சூரையும்
ஒரே தராசில் ஏறினால்தான் பேச்சு.
இங்கே தராசு நானல்லவா.
பத்தொன்பதில் ஈ உட்கார்ந்தால் முள் துள்ளும்.
முப்பத்துநாலில் உப்பேறி
ஒன்றும் வைக்காமலே ரெண்டு கிலோ காட்டும்.
இதை நம்பி யாருக்குச் சீட்டு எழுத?

"ரெண்டும் இடிதான்" என்றேன்.
"அண்ணன் மழுப்புதாரு."
சுவக்கீன் இரண்டு கிளாசை எதிரெதிரே வைத்து
இவன் எப்ரேம், இவன் ரசலையன் என்று
நகர்த்தி நகர்த்தி விளக்கினான்,
கடைசியில் மறந்துபோய்
எப்ரேமை எடுத்துக் குடித்தான்.

என்னை யாரும் யாரோடும் மோத விடுவதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஆனால் ஆடிக் காற்று ஓட்டைப் பிராண்டுகிற ராத்திரிகளில்
பத்தொன்பது வயதுக்காரனைக் கூட்டிப்போய்
ரசலையன் முன்னால் நிறுத்துவேன்.
தோற்கிறான்.
மணி அடிக்கிறவரை உட்காரவில்லை, அவ்வளவுதான்.
வாளியில் பல் இல்லை.

முப்பத்துநாலு வயதுக்காரனை
எப்ரேமிடம் அனுப்புவேன்.
இவனுக்கு மூச்சு வாங்குகிறது, முட்டி பேசுகிறது.
ஆனால் இவன் கண் கெட்ட பக்கம் போகவில்லை.
நேராக நிற்கிறான்.
எப்ரேமின் தோள் இறங்குகிறது, இப்போது தெரிகிறது,
குனிகிறான்.
இடது கை தலைக்கு மேலே
காற்றைக் கிழித்துப் போகிறது.
வலது காதில் கேட்கிறது.